மாநிறத்துக்கு எத்தனை பென்சில்?

டீ ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம், முதலில் இந்தப் பென்சிலைப் பாருங்கள். பார்வைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கலர் பென்சில்தான். மரத்தின் மேல் சின்னதாக ஒரு பிரஷ் படமோ நீர்த்துளிப் படமோ அச்சாகியிருக்கும். கடையில் அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணப் பெட்டியும் இதுவும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

வித்தியாசம் உள்ளே இருக்கிற குச்சியில். சாதாரணக் கலர் பென்சிலின் குச்சி, நிறப்பொடியும் வெள்ளைக் களிமண்ணும் மெழுகும் சேர்ந்தது. அந்த மெழுகின் மேல் தண்ணீர் விட்டால் சேப்பங்கிழங்கு இலையில் விட்டதுபோல உருண்டு ஓடிவிடும். நீரில் கரையும் பென்சிலில் மெழுகைக் குறைத்து, பிசினும் செல்லுலோஸ் பசையும் சேர்க்கிறார்கள். மிச்சமிருக்கும் மெழுகும் தண்ணீரோடு கலந்துபோகும்படி சோப்புத் தன்மையுள்ள பொருள் ஒன்றும் அதில் உண்டு. ஈர பிரஷ் பட்டதும் பசை கரைகிறது. நிறப்பொடி விடுபட்டு, நீரில் மிதந்து, தாளின் சின்னச் சின்னக் குழிகளில் போய் உட்கார்கிறது. ஈரம் போனதும் பசை மறுபடி இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, காய்ந்திருக்கும்போது பென்சில், நனைந்தால் வாட்டர் கலர்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எழுதுகிற கறுப்புப் பென்சிலின் குச்சியைச் சூளையில் சுட்டு எடுப்பார்கள். கலர் குச்சியைச் சுட்டால் நிறம் கருகிவிடும் என்பதால் உலர்த்த மட்டும் செய்கிறார்கள். அதனால்தான் அது அத்தனை மென்மை. ஒரு தடவை தரையில் விழுந்தாலே உள்ளுக்குள் நாலு துண்டாகியிருக்கும். பிறகு சீவச் சீவ நுனி கழன்று விழும். கீழே போடாமல் வைத்துக்கொள்வதுதான் இதற்குப் பராமரிப்பு.

இதன் மூதாதையை நம் தாத்தாக்களுக்குத் தெரியும். காப்பியிங் பென்சில் என்று ஒன்று இருந்தது. தபால் ஆபீசிலும் ரயில்வேயிலும் கணக்குப் பிள்ளைகளின் காதுமடலிலும் பார்த்திருப்பார்கள். எழுதும்போது சாம்பல் நிறம், நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா. கிராஃபைட்டோடு அனிலின் சாயத்தைச் சேர்த்து 1870களில் ஐரோப்பாவில் செய்தது அது. சாயம் நஞ்சு, பழக்கத்தில் நாக்கில் வைத்தவர்கள் ஏராளம். படம் வரைபவர்களுக்கென்று பல நிறங்களில், சாயம் இல்லாமல் நிறப்பொடியை வைத்துச் செய்தது ஜெனீவாவின் காரன் தாஷ் கம்பெனி. 1931-இல் அவர்கள் கொண்டுவந்த ‘பிரிஸ்மாலோ’தான் இந்த வகையில் முதல் பென்சில் என்று சொல்கிறார்கள். அதே 1931-இல்தான் மும்பையில் தாண்டேகர் குடும்பம், பின்னால் கேம்லின் ஆன தொழிலை இங்க் பொடியோடு ஆரம்பித்தது. இன்று நம் ஊர் ஸ்டேஷனரிக் கடையிலேயே கேம்லின், டாம்ஸ் இரண்டிலும் நீரில் கரையும் பென்சில் கிடைக்கிறது. கற்றுக்கொள்ள 12 நிறப் பெட்டி போதும். 72 நிறப் பெட்டி வாங்கினால், பென்சிலைத் தேடி எடுப்பதற்குள் நாம் வரைய உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவார்.

மனித உருவம் வரைய ஏன் இந்தப் பென்சில்? உருவம் நகரும், அதனால்தான். எண்ணெய் வண்ணத்துக்கு ஸ்டாண்டு, கேன்வாஸ், டர்பன்டைன் வேண்டும். வாட்டர் கலருக்குத் தட்டும் மக்கும் வேண்டும். இதற்கு ஒரு நோட்டு, நாலைந்து பென்சில், கைப்பிடியிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் வாட்டர் பிரஷ் ஒன்று, சட்டைப்பையில் அடங்கிவிடும். நம் கோலார் மாவட்டப் பேத்தமங்களாவிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, பங்காரப்பேட்டையில் ரயில் ஏறி, பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். மாரிக்குப்பத்திலிருந்து வரும் வண்டியில் மாலூர் தாண்டுவதற்குள் பாதிப் பெட்டி தூங்கிவிடும். தூங்குகிற உடம்பைப்போல நல்ல மாடல் கிடையாது. கழுத்து எங்கே சாய்கிறது, தோள் எப்படித் தளர்கிறது, கை எந்த மடியில் கிடக்கிறது எல்லாம் பாசாங்கில்லாமல் தெரியும். ஆடுகிற பெட்டியில் மக்குத் தண்ணீர் வைக்க முடியாது; வாட்டர் பிரஷ் சிந்தாது. அதில் ஊற்றுவது குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். நம் கோலார் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு பிரஷ் நுனியில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

முதல் கோட்டை எந்தப் பென்சிலில் போடுவது? இங்கேதான் பெரும்பாலோர் வழக்கப்படி கறுப்புப் பென்சிலை எடுக்கிறார்கள். வேண்டாம். கறுப்புப் பென்சில் கோட்டின் மேல் ஈரம் பட்டால் வண்ணம் சாம்பல் பூத்துவிடும். வண்ணப் பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்ட கோடு ரப்பருக்கும் வராது. யெல்லோ ஓக்கர் என்கிற மஞ்சள் காவிப் பென்சிலால் மெல்லத் தொடங்குங்கள். தப்பான கோடு, அடுத்த கோடு, சரியான கோடு எல்லாம் அப்படியே கிடக்கட்டும். பிரஷ் பட்டதும் அவை கரைந்து தோலின் அடிநிறமாகவே மாறிவிடும். திருத்தம் செய்த தடமே தெரியாத ஓவியப் பொருள் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த முதல் கோடு வெளிவிளிம்பாக இருக்கக்கூடாது, உடம்பின் பாரம் போகிற வழியாக இருக்க வேண்டும். இதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து வந்து பேத்தமங்களா ஏரியில் தேங்குகிறது. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கோலார் தங்கவயலுக்கு இந்த ஏரித் தண்ணீர்தான் குழாயில் போனது. குழாய் போய்ச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலோ பெண்கள் இன்றும் குடம் தூக்குகிறார்கள். இடுப்பில் நிறைகுடத்தோடு ஒருவர் நிற்பதைக் கவனியுங்கள். குடம் இருக்கிற பக்கத்து இடுப்பு மேலே ஏறி வெளியே தள்ளும். அதே பக்கத்துத் தோள் இறங்கும். மறு தோள் உயரும், அந்தப் பக்கத்துக் கை காற்றில் சற்று விலகும். தோள் கோடும் இடுப்புக் கோடும் எதிரெதிராகச் சாயும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துச் சோழர் செப்புத் திருமேனிகள் மூன்று வளைவாக, திரிபங்கமாக நிற்பதும் இந்தக் கணக்கில்தான். கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோலத் தொண்டைக்குழியிலிருந்து நேராக ஒரு கோடு இறக்கிப் பாருங்கள். பாரம் தாங்கும் பாதத்தின் பக்கத்தில் வந்து விழும். விழவில்லை என்றால் நீங்கள் வரைந்தவர் சாய்ந்துகொண்டிருக்கிறார். தோள், இடுப்பு, தூக்குக்கோடு மூன்றும் சரியாக அமைந்தால் மூக்கும் முழியும் இல்லாமலே யாரென்று தெரிந்துவிடும்.

அளவு பற்றிக் கேட்பீர்கள். நம் சிற்ப நூல்களில் முகத்தின் நீளம் ஒரு தாலம், அதாவது 12 அங்குலம். நவதாலம் என்றால் 108 அங்குலம். பெரிய தெய்வங்களுக்கான உத்தம தச தாலம், பத்துத் தாலத்தோடு நாலு அங்குலம் கூட்டி 124. இந்த அங்குலம் ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல, அந்தந்தச் சிலைக்கு உரிய அலகு. அபனிந்திரநாத் தாகூர் 1914-இல் இதைப் பற்றி எழுதிய சிறு நூல் இன்றும் படிக்கத் தக்கது. தெய்வத்துக்கான கணக்கை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவருக்குப் போட்டால் ஆள் நெட்டையாகிவிடுவார். உச்சந்தலை முதல் முகவாய் வரை ஒரு தலை என்று கொண்டால், வளர்ந்த மனிதர் ஏழு முதல் ஏழரைத் தலை உயரம். கைக்குழந்தை நாலு. உட்கார்ந்தவரையும் படுத்தவரையும் எண்ணிப் பார்க்க முடியாது. கையை நீட்டி, பென்சிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் வரைய வேண்டும்.

இனி நிறம். நான் இவ்வளவு தூரம் பேச வந்ததே இதற்காகத்தான்.

நம் பிள்ளைகள் கலர் பெட்டியைத் திறந்ததும் வெளிர் ரோஜாவும் ஆரஞ்சும் கலந்த ஒரு பென்சிலை எடுத்து ‘ஸ்கின் கலர்’ என்கிறார்கள். அப்பாவுக்கும் அது, அம்மாவுக்கும் அது, தனக்கும் அது. அந்தப் பிள்ளையின் கையையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டே இல்லை. அமெரிக்காவின் கிரேயோலா கம்பெனி 1962-இலேயே அந்த நிறத்துக்கு ‘சதை’ என்று வைத்திருந்த பெயரை எடுத்துவிட்டு ‘பீச்’ என்று மாற்றியது. மனிதத் தோலுக்கென்றே 24 நிறங்களில் தனிப் பெட்டி போட்டது 2020-இல். நம் வீடுகளில் அந்தப் பேச்சு இன்னும் மாறவில்லை. சித்திரம் வரையும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை என்று நினைக்கிறேன். எதிரில் இருப்பதைப் பார்க்காமல் பெட்டியில் இருப்பதைப் பூசக் கற்றுக்கொள்கிறது.

கெட்டிப் பிரவுன் ஒன்றை எடுத்து அழுத்தித் தேய்ப்பதும் அதே தப்புதான். அப்படிச் செய்தால் மரப்பலகை மாதிரி வரும். மாநிறமோ கறுப்போ, தோல் ஒரே நிறமாக ஓரிடத்திலும் இல்லை. மேலே மெலனின் தரும் பழுப்பு. அதற்கடியில் ஓடும் ரத்தம் காதுமடலில், முழங்கையில், விரல் கணுவில், உதட்டில் சிவப்பாகத் தலைகாட்டும். நிழல் விழும் பக்கம் ஊதா கலந்திருக்கும். வெளிச்சம் நேரே படும் மேட்டிலோ தோலின் சொந்த நிறமே தெரியாது, வானம்தான் தெரியும். வெளுத்த தோலில் அந்தப் பளபளப்பு சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துவிடும். கறுத்த தோலில் தனியாக நின்று மின்னும். கறுப்பு உடம்பை வரைவது கஷ்டம் என்று சொல்கிறவர்கள் இந்த மின்னலைப் பார்க்காதவர்கள். உருண்டை எது, பள்ளம் எது என்று அது தானாகவே சொல்லிவிடும்.

ஒரு கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ரயிலில் ஜன்னலோரம் தூங்குகிறவரின் முன்கை. மார்புக்குக் குறுக்கே மடங்கிக் கிடக்கிறது, வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. மஞ்சள் காவியால் வடிவத்தைப் போட்டாயிற்று. அதே பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து கை முழுக்க லேசாகத் தேயுங்கள், வெளிச்சம் மின்னுகிற மேட்டை மட்டும் வெறும் தாளாக விட்டுவிடுங்கள். அடுத்து பர்ன்ட் சியன்னா, செங்காவி. வெளிச்சத்துக்கு விலகிய முக்கால் பாகத்தில் இது. கையின் அடிப்பக்கம் பர்ன்ட் அம்பர். முழங்கை முனையிலும் விரல் கணுக்களிலும் கிரிம்சன் சிவப்பு ஒரு தொடுகை. மிக அடியில், சட்டையைக் கை தொடும் இடத்தில், ஊதா. இப்போது பார்த்தால் ஐந்து நிறக் கோடுகளாகக் கந்தலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

இனி வாட்டர் பிரஷ். வெளிச்சப் பக்கத்திலிருந்து இருட்டுப் பக்கம் போக வேண்டும். திருப்பிப் போனால் அம்பரின் அழுக்கு மஞ்சளில் ஏறிவிடும். கை உருண்டை, அதனால் பிரஷையும் வளையல் போடுகிற திசையில் வளைத்து இழுங்கள். வெள்ளையாக விட்ட மேட்டின் ஓரத்தில் பிரஷ் நுனி தொட்டும் தொடாமலும் போகட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷைத் துணியில் துடைத்துக்கொள்ள வேண்டும். ஓர் இடத்தில் ஒரு தடவை, மிஞ்சிப் போனால் இரண்டு. அதற்குமேல் போட்டால் நிறங்கள் ஒன்றாகக் குழைந்து சேறாகும், தாளும் நூல் பிரியும். காய்ந்த கோடு நனைந்ததும் நிறம் திடுமென ஏறும். முக்கியமாக நீலமும் ஊதாவும். எந்த நிறம் எவ்வளவு ஏறும் என்பதற்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றையும் தேய்த்து, பாதியை நனைத்து வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு காத்திருக்க வேண்டும். புறங்கையைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள்; சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். முழுக்கக் காய்ந்த பின்தான் இரண்டாவது பூச்சு. அது காய்ந்ததும் நரம்பு, ரோமம், மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு இவற்றைக் காய்ந்த பென்சிலால் போட்டுவிட்டு பிரஷை எடுக்காமல் நிறுத்திவிட வேண்டும். சில இடங்களில் கோடு அழுத்தமாக வேண்டுமென்றால் பென்சில் நுனியைத் தண்ணீரில் தொட்டு வரையுங்கள். இமையோரம், மூக்குத் துவாரம், விரல் இடுக்கு. அந்தக் கோடு அழியாது, ஆகவே கடைசியில்தான். தலைமுடிக்கு வெறும் கறுப்பு வேண்டாம்; புருஷியன் நீலமும் அம்பரும் ஒன்றன்மேல் ஒன்று தேய்த்து நனைத்தால் எண்ணெய் வைத்த முடியின் நிறம் கிடைக்கும்.

தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சார்ட் பேப்பர் வேண்டாம், நனைந்தால் சுருண்டுவிடும். 300 ஜிஎஸ்எம் வாட்டர் கலர் தாள், லேசான சொரசொரப்போடு. விலை அதிகமென்றால் பெரிய தாளாக வாங்கி எட்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். மலிவான பென்சில்களில் சில நிறங்கள் வெயிலில் வெளுத்துவிடும். நிறக்கோடுகளைப் போட்டு, பாதியை அட்டையால் மூடி, ஜன்னல் கண்ணாடியில் சில மாதம் ஒட்டி வையுங்கள். எது தாங்கும் எது தாங்காது என்று அதுவே காட்டிவிடும்.

பார்த்துப் பழக யாரிடம் போவது? ஓவியர் எஸ்.இளையராஜாவின் படங்களைப் பாருங்கள். கும்பகோணம் பக்கத்துக்காரர், 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. ஜன்னல் வழியும் கதவு வழியும் வரும் ஒளியில் நிற்கும் கிராமத்துப் பெண்கள். கறுத்த கன்னத்திலும் கழுத்திலும் அந்த ஒளி எந்த நிறமாக மாறுகிறது என்பதை வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் கையாண்ட பொருள் வேறு. ஆனால் பார்வை நமக்கு வேண்டியது. சென்னைக்குப் போனால் மெரினாவில் உழைப்பாளர் சிலை முன் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை வகித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வார்த்தது. 1959-இல் அங்கே நிறுவினார்கள். நாலு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். வெண்கலம் அசையாது, கூலி கேட்காது, முதுகுத் தசையின் ஒவ்வொரு மேட்டிலும் கடல் வெளிச்சம் மின்னிக்கொண்டிருக்கும். பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் பாறை புரட்டிய உடம்புகள் நமக்குச் சிலையில் மட்டும் இல்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் இறங்கியதிலிருந்து வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த நம் ஆட்கள் நாலைந்து தலைமுறை பூமிக்குள் போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அங்கே பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அன்று வேலையில் இருந்தவர்களில் இளையவர்களுக்கே இன்று வயது ஏறிவிட்டது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் படமும் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் படமும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன; சினிமாவும் வந்துவிட்டது. டிரில் பிடித்துப் பிடித்துக் காய்த்த உள்ளங்கையையும், குனிந்தே வேலை செய்து வளைந்த தோளையும், தூசி ஏறிய நுரையீரலோடு மூச்சு வாங்க உட்காரும்போது இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொள்கிற அந்த இருப்பையும் யார் வரைந்து வைத்திருக்கிறார்கள்? போட்டோ இருக்கலாம். ஆனால் ஒருவர் எதிரில் அரைமணி நேரம் உட்கார்ந்து, அவர் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு, அது எப்படி இறங்குகிறது என்று விசாரித்து வரைவது வேறு காரியம். அவர் பேச ஆரம்பித்துவிடுவார். சுரங்கத்தின் எந்த மட்டத்தில் கை முறிந்தது, எந்த ஷாஃப்டில் யார் கூட இருந்தார்கள் என்றெல்லாம் வரும்.

இந்தப் பென்சில் அதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. அவர் வீட்டுத் திண்ணையில் தரை அழுக்காகாது, நாற்றம் இல்லை, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள். தூங்குகிறவரை வரைந்திருந்தாலும் எழுந்ததும் காட்டிவிட வேண்டும். விழித்திருப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் பென்சிலைத் தொட வேண்டும். மூஞ்சி அச்சாக வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். முதலில் கை மட்டும், அடுத்த முறை முதுகு, பிறகு முழு ஆள்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து லைனிலோ சுரங்கத்தில் இறங்கிய பெரியவர் ஒருவர் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை டீ வாங்கிக்கொண்டு அவரிடம் போங்கள். மஞ்சள் காவி, செங்காவி, அம்பர், கிரிம்சன், ஊதா ஐந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு படம் வரைந்து, நல்லதாக வந்ததை அவர் கையில் கொடுங்கள். மற்றதன் பின்புறம் அவர் பெயர், வேலை பார்த்த ஷாஃப்ட், வரைந்த தேதி மூன்றையும் எழுதி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.